டம்ளருக்கு அடியில் ஒரு விரல்

கிட்ட வந்து உட்காருங்க தம்பி. இன்னும் கொஞ்சம். பையைக் கீழே வைங்க, ஒன்றும் ஆகாது. ஆங், இப்படி. சத்தம் போட்டுச் சொல்கிற சங்கதி இல்லை இது. அதோ டோக்கன் கொடுக்கிற பையனோடு மல்லுக்கு நிற்கிறாளே, பச்சைச் சேலை, அவள்தான் என் வீட்டுக்காரி. கோமு. அவளுக்கு முதுகிலும் காது உண்டு. அவள் எனக்குச் செய்ததைத்தான் சொல்லப் போகிறேன், அதனால்தான் கிட்ட வரச் சொன்னேன்.

உங்களுக்கும் வயிற்று ஸ்கேன்தானே? தண்ணியைக் குடிங்க, குடிங்க. "முட்ட முட்டக் குடிச்சிட்டு, முட்டினதும் சொல்லுங்க, அதுவரைக்கும் அடக்கிக்கிட்டு உட்காருங்க" என்று அந்த நர்ஸ் பிள்ளை எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். நான் பாதி பாட்டில் வந்துவிட்டேன். முன்னே ஒரு தடவை இதே பெஞ்சில் உட்கார்ந்தும் எனக்கு ஒரு வாய் இறங்காமல், "பெரியவரே, இன்னைக்கு உங்களுக்குப் பார்க்க முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு இங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அது கிடக்கட்டும்.

நான் கல்யாணச் சமையல்காரன். அம்பாசமுத்திரம் பக்கம் மாடக்கண்ணு மாஸ்டர் என்று கேட்டுப் பாருங்க. மறுவீட்டு விருந்துச் சொதிக் குழம்புக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். தேங்காய்ப் பால் திரியாமல் சொதி இறக்குகிறவன் எங்கள் பக்கம் குறைவு. அப்படி ஊர் மதிக்கிற ஒரு மனுஷனுடைய மானத்தை, இந்தக் கோமு தலையில் தூக்கி வைத்து, பட்டப்பகலில் தெரு வழியாகக் கொண்டு போனாள். பேச்சுக்குச் சொல்லவில்லை தம்பி. நிஜமாகவே தலையில் வைத்துத்தான் கொண்டு போனாள். வருகிறேன், அதற்குத்தான் வருகிறேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வரம் உண்டு. தாகம் எடுக்காது. கோட்டை அடுப்பு எரியும், ஆள் உயரத்துக்கு அனல் அடிக்கும், என்னோடு நிற்கிற பயல்கள் குடம் குடமாகக் குடிப்பான்கள், நான் காலையில் ஒரு டம்ளர் காப்பி, மத்தியானம் சாப்பிடும்போது ரெண்டு மடக்கு, அவ்வளவுதான். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் நாக்கில் ஒரு சொட்டு படாது. "மாஸ்டர் ஒட்டகம்ல" என்பான்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. சும்மா சும்மா அடுப்பை விட்டுப் போக வேண்டாம் பாருங்க.

இன்னொரு வரம், தூக்கம். கல்யாண வீட்டில் முதல் நாளே போய் இறங்கிவிடுவோம். ராத்திரி ஆளாளுக்குக் கோணிச் சாக்கை விரித்து மண்டபத்தில் படுத்துக்கொள்வார்கள். நான் படுக்க மாட்டேன். சாமான் அறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன், விடிகிற வரைக்கும். பெண் வீட்டார் சொல்வார்கள்: "மாடக்கண்ணு இருந்தா ஒரு தேங்காய் குறையாது. என்ன பொறுப்பு பாரு." நானும் தலையை ஆட்டிக்கொள்வேன். பொறுப்புக்காரன் என்று பெயர் வந்தது, அந்தப் பெயரால் கல்யாணங்கள் வந்தன. சொல்லுங்க, இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

படுக்காததற்குக் காரணம் தேங்காய் இல்லைதான். அது ஒரு சின்ன விஷயம். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்தால் சிரிக்கிற ஆள் மாதிரித் தெரியவில்லை. அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பிக்கொள்ளுங்க, சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஏழு வயசில் அம்மா போய்விட்டாள். மஞ்சள் காமாலை. அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர், என்னை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? ஆடியில் அம்மா போனாள், ஆவணியில் என்னை ஒரு விடுதியில் சேர்த்துவிட்டார். எந்த ஊர், எந்த விடுதி என்று கேட்காதீங்க, அந்தக் கட்டடமே இப்போது இல்லை. அங்கே போன பிறகுதான் எனக்கு அந்த வியாதி வந்தது. ராத்திரி பாயில்... ஆமாம். அதுதான். வீட்டில் இருக்கும்போது இல்லை பாருங்க. அம்மா பக்கத்தில் படுத்த காலத்தில் ஒரு நாள் கூட இல்லை. அங்கே போய்த்தான். எப்படி வந்ததோ.

வார்டன் சார் ஒழுக்கமான மனுஷன். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளும் என்னைக் கை நீட்டி அடித்ததில்லை. காலையில் எழுந்து பார்த்து நனைந்திருந்தால், அந்தக் கோரைப்பாயைச் சுருட்டி என் தலையில் வைத்துக்கொள்ளச் சொல்வார். அடிபம்புக்குப் பக்கத்தில் ஒரு கல் கிடக்கும், அது மேல் ஏறி நிற்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் வந்து பல் விளக்கி, முகம் கழுவி, வரிசையாகப் போய், சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும். ஈரப்பாய் கனக்கும் தம்பி. நெற்றி வழியாக வடிந்து வாயோரம் வரும். அதைத் துடைக்கக் கையை எடுத்தால் பாய் சரிந்துவிடும். அதனால் துடைக்கக் கூடாது.

அப்படியும் நிற்கவில்லை என்றதும் அவர் ஒரு யோசனை செய்தார். அங்கே ஆளுக்கொரு அலுமினியத் தட்டு, அலுமினிய டம்ளர். பெயரைப் புள்ளி புள்ளியாக ஆணியால் குத்தி வைத்திருப்பார்கள். என் டம்ளரை வாங்கினார், அதே ஆணியை எடுத்தார், அடியில் வைத்து ஒரே போடு. பொத்தல். "இனி உனக்கு வேணும்கிற தண்ணி மட்டும்தான் உள்ள போவும், மிச்சம் கீழ போயிரும்" என்றார். நல்ல மூளைக்காரர். தண்ணியைப் பிடித்து வாய்க்குக் கொண்டு போவதற்குள் பாதி ஒழுகிப் போகும். அடியில் விரலை வைத்து அடைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். அப்படியும் முழங்கை வழியாகச் சொட்டும். நாலு மணிக்கு மேல் அந்த டம்ளரும் கிடையாது, அவர் மேசை மேல் கவிழ்த்து வைத்துவிடுவார்.

பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டான்கள். "ஓட்டை டம்ளர்". வகுப்பில், விளையாட்டில், சாப்பாட்டில், எல்லா இடத்திலும் அதுதான் என் பெயர்.

பத்து வயசில் அது தானாக நின்றுவிட்டது. நின்றது நின்றதுதான். ஆனால் நான் அதை நம்பவில்லை. எங்கே ஒளிந்திருக்கிறதோ, எந்த நாள் வந்து நிற்குமோ. நம்புவதற்கு அது என்ன, நம்முடைய மாமனா மச்சானா? அங்கே ஒரு விசேஷத்துக்குச் சமைக்க வந்தவர்கள் விடியவிடியத் தூங்காமல் அடுப்படியில் வேலை பார்ப்பதைப் பார்த்தேன். இதுதான் நமக்குத் தொழில் என்று பட்டது. அவர்கள் பின்னாலேயே போய்விட்டேன். சமையல் மேல் ஆசை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். பிறகு ஆசையும் வந்தது, அது வேறே.

கல்யாணமான புதிதில் கோமு மெத்தை விரித்தாள். எனக்கு முதுகுவலி, சிமெண்டுத் தரைதான் ஒத்துக்கொள்ளும் என்றேன். வெறும் தரை. ஏதாவது ஆனாலும் ஒரு துண்டால் துடைத்துவிடலாம் பாருங்க. ஒரு பெண் பிள்ளை பிறந்தது, குடும்பம் நடந்தது, எல்லாம் சரிதான். தூங்கப் போகிற நேரத்துக்கு நான் தரைக்குப் போய்விடுவேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நான் சொன்னதை நம்பிவிட்டாள் என்று நான் நம்பினேன்.

மகள் சண்முகக்கனியைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். காலை பஸ்ஸில் போய் இறங்குவேன், சாயங்கால பஸ்ஸில் ஏறிவிடுவேன். ஒரு ராத்திரி தங்கினதில்லை. மருமகன் எனக்கென்று ஒரு கட்டில் வாங்கிப் போட்டார், புதுத் தலையணை, புது விரிப்பு. அந்த விரிப்பைப் பார்த்ததும் பையைத் தூக்கிவிட்டேன். நாளைக்கு முகூர்த்தம் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மகள் போனில் அழுதாள்: "எங்க மாமியார் வீடு உங்களுக்குப் பிடிக்கலப்பா. நேராச் சொல்லிருங்க." நான் என்ன சொல்வேன்? "வேலைம்மா" என்றேன்.

தண்ணியைக் குடிங்க தம்பி, பேச்சில் மறந்துவிட்டீங்க.

இப்போது அந்தக் கல்யாணத்துக்கு வருகிறேன். போன தை மாசம், தென்காசிப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். கோமுவும் கூட இருந்தாள், காய் வெட்டுகிற பெண்களுக்கு அவள்தான் தலைவி. மறுவீட்டு விருந்துக்கு முதல் பந்தி ஓடிக்கொண்டிருக்கிறது. அடுப்பில் பாசிப்பருப்புப் பாயசம், வெல்லம் போட்டாயிற்று, நான் துடுப்பை வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்கிறேன். யாரோ ஒரு டம்ளர் மோரை நீட்டினார்கள், வாங்கி ரெண்டு மடக்குக் குடித்தேன். வாசலில் ஒரு ஆள் வந்து நிற்கிறார். பட்டு வேட்டி, கழுத்தில் செயின், பெண்ணுக்குப் பெரியப்பாவாம், நல்லபெருமாள் என்று பெயர். சொதியைப் பாராட்ட வந்தவர். வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்க்கிறார்.

"ஏலே," என்றார். "நீ ஓட்டை டம்ளர்ல?"

அப்போதுதான் நானே குனிந்து பார்க்கிறேன். எவர்சில்வர் டம்ளர், புத்தம் புதுசு, ஒரு ஓட்டையும் இல்லை. என் நடுவிரல் அதற்கு அடியில் போய் அழுத்திக்கொண்டு இருக்கிறது. நான் வைக்கவில்லை தம்பி. அது தானாக அங்கே இருக்கிறது. எத்தனை வருஷமாக அப்படி இருக்கிறதோ.

அந்த மனுஷன் கெட்டவர் இல்லை. ஓடி வந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணி கூட வந்தது அவருக்கு. பந்தி பரிமாறுகிற பயல்களைக் கூப்பிட்டு, காய் வெட்டுகிற பெண்களைக் கூப்பிட்டு, கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். "இவன் பாயைத் தலையில வச்சுக்கிட்டு நிப்பான் பாருங்க, நாங்க சுத்தி நின்னு பல்லு வெளக்குவோம். வார்டன் சார் இவன் டம்ளர்ல ஒரு ஓட்டையப் போட்டாரு பாருங்க, ஆகா, அந்தக் காலத்து ஆளுக ஆளுகதான்..." எல்லாரும் சிரித்தார்கள். என்னிடம் சம்பளம் வாங்குகிற பயல்கள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்கள். நான் துடுப்பைப் பிடித்தபடி நிற்கிறேன். கை ஓடவில்லை. எனக்குத் தெரியும், பாயசம் அடியில் பிடிக்கிறது. மூக்குக்கு எட்டுகிறது. கை ஓடவில்லை.

கோமு மட்டும் சிரிக்கவில்லை. அரிவாள்மணையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு எழுந்து வந்தாள். நல்லபெருமாளைப் பார்த்து, மரியாதையாகத்தான், குரலை உயர்த்தாமல் கேட்டாள்:

"அண்ணாச்சி, அப்ப இவருக்குத் தாகம் எடுத்தா யாரு தண்ணி குடுத்தா?"

அவர் "நாங்கெல்லாம் சின்னப் பிள்ளைக தாயி" என்றார். 

"ஆமா. இவரும்தான்" என்றாள் அவள்.

அந்த ஆள் முகம் எப்படியோ ஆகி, செயினைத் தடவிக்கொண்டே வெளியே போய்விட்டார். இவள் அவரை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. பெண்ணுக்குப் பெரியப்பா. நாளைக்கு நாலு கல்யாணம் சொல்லி விடக்கூடிய மனுஷன். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய அவமானம் எது தெரியுமா? பாயசம். என் கையில் இந்த வயசுக்கு ஒரு பாயசம் அடிப்பிடித்ததில்லை. அன்றைக்குக் கருகல் வாடையோடு பந்திக்குப் போனது. ஏலக்காயை அள்ளிப் போட்டும் மறையவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

அன்று சாயங்காலமே வலி வந்துவிட்டது. விலாவிலிருந்து தொடை வரைக்கும் யாரோ கயிறு போட்டு இழுக்கிற மாதிரி. பாத்திரம் கழுவுகிற இடத்தில் சுருண்டு விழுந்தவனைத்தான் வேனில் ஏற்றி இங்கே கொண்டு வந்தார்கள்.

பார்த்தால், வலது பக்கக் கிட்னி சுருங்கிப் போய்விட்டதாம். இடது பக்கம் கல்லாக அடைத்துக் கிடக்கிறதாம். ரத்தக் கொதிப்பு வேறு, எத்தனை வருஷமாகவோ. டாக்டர் ஒரு பெண் பிள்ளை, என் மகள் வயசுதான் இருக்கும். "ஐயா, நீங்க தண்ணி குடிக்கிறதே இல்லையா?" என்று கேட்டது. எனக்குத் தாகம் எடுக்காது, அது எனக்கு வரம் என்றேன். "எப்போதிலிருந்து?" என்றது. நான் சும்மா இருந்தேன். இவள் இருப்பாளா? எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பாய், கல், டம்ளர், ஆணி, ஒன்று விடாமல். நல்லபெருமாள் சொன்னதுக்கு மேலே, அவளாகக் கண்டுபிடித்து வைத்திருந்ததும் சேர்த்து. வெறும் தரையில் நான் படுப்பது ஏன் என்று அவளுக்கு என்றைக்கோ தெரிந்திருக்கிறது தம்பி. முழுக் காரணம் தெரியாது, இன்னது நடக்கும் என்று நான் பயப்படுகிறேன் என்பது தெரியும். தெரிந்தே முதுகுக்குத் தைலம் தேய்த்து விட்டிருக்கிறாள்.

எனக்குக் காது மடல் ரெண்டும் எரிந்தது. சேலை கட்டின ஒரு சின்னப் பிள்ளை முன்னால், என் பாயைப் பற்றிப் பேசுகிறாளே என்று.

அந்தப் பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டது. "ஐயா, எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா தண்ணி குடிக்காம கல்லு வந்திருக்கு. பயத்துல தண்ணி குடிக்காம இருந்திருக்கீங்க. தூங்காம உட்கார்ந்தே இருந்ததுல கொதிப்பும் ஏறியிருக்கும். சின்ன வயசுல பயந்த உடம்பு, நாம வளர்ந்துட்டோம்னு அதுக்கு யாரும் சொல்லாட்டா, அது பயந்தபடியேதான் கிடக்கும்" என்றது.

நீங்களே சொல்லுங்க. அம்மா செத்த வருஷம் நடந்ததற்கும் இப்போது கிட்னியில் வந்த கல்லுக்கும் என்ன சம்பந்தம்? அந்த ஆணி டம்ளரில் அடித்தது, என் விலாவிலா அடித்தது? படித்த பிள்ளைகள் எதையாவது சொல்லும். நான் வாதாடவில்லை.

ஆபரேஷன் பண்ணிக் கல்லை எடுத்தார்கள். உள்ளே ஒரு மெல்லிய குழாயை வைத்துவிட்டார்கள், கொஞ்ச நாளில் எடுத்துவிடுவோம் என்று. "அது இருக்கிற வரைக்கும் அவசரமா வரும், சில நேரம் அடக்க முடியாமக் கூடப் போகும், பயப்படாதீங்க. ஆனா தண்ணி மட்டும் நாள் முழுக்கக் குடிச்சுக்கிட்டே இருக்கணும். இருக்கிற ஒரு கிட்னியும் போச்சுன்னா அப்புறம் மெஷின்தான்" என்றார்கள். அடக்க முடியாமல் போகும் என்று சொன்ன பிறகு எவனாவது தண்ணி குடிப்பானா?

வீட்டுக்கு வந்தோம். கோமு மணிக்கொரு டம்ளர் கொண்டு வந்து வைப்பாள். அவள் தலை மறைந்ததும் ஜன்னல் வழியாக வெளியே ஊற்றிவிடுவேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு கருவேப்பிலைக் கன்று, குச்சி மாதிரி நின்றுகொண்டிருந்தது. அது தழைத்து வளர்ந்துவிட்டது பாருங்க, தெருவே வந்து பறித்துக்கொண்டு போனது. ஒரு நாள் கோமு அதற்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஊரெல்லாம் வெயில்ல கருகிக் கிடக்கு. இது மட்டும் எப்படி இப்படி நிக்குது?"

"நல்ல மண்ணு" என்றேன்.

"நல்ல மருந்தும் கூட" என்றாள். "இதுக்குக் கல்லு வராது."

திட்டவில்லை. அழவில்லை. அன்றைக்கு நாலு மணிக்கு அவள் தண்ணிச் செம்பைக் கவிழ்த்து வைத்தாள். நீங்கள் குடிக்கிற வரைக்கும் நானும் நாலு மணிக்கு மேல் குடிக்க மாட்டேன் என்றாள். சித்திரை வெயில். ரெண்டு நாளில் சலித்துவிடுவாள் என்று நினைத்தேன். சலிக்கவில்லை. பிறகு பகலிலும் குறைத்துவிட்டாள், நான் குடிக்கிற அளவுதான் அவளும். உதடு வெடித்தது. நாக்கு ஒட்டிப் பேச்சு குழறியது. ஒரு நாள் நீர்க்கடுப்பு என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மேல் எல்லாம் சுட்டது.

"ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? குடிட்டி" என்றேன்.

"எனக்குத் தாகம் இல்ல. எனக்கும் வரம் வந்திருச்சு" என்றாள், அந்த வெடித்த உதட்டோடு. 

நான்தான் எழுந்து போய்ச் செம்பை நிமிர்த்தினேன். ரெண்டு டம்ளர் ஊற்றினேன். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பிறகும் ஒன்று, பிறகும் ஒன்று. சாயங்காலம் ஆகியும் குடித்தோம். தண்ணிக்கு இவ்வளவு ருசி உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவள் குழந்தைகளுக்குப் போடுகிற ரப்பர் சீட்டை விரித்து, மேலே கோரைப்பாயைப் போட்டு, "வெறுந்தரையில படுத்தது போதும், இங்க வந்து படுங்க" என்றாள். படுத்தேன். அவள் பக்கத்தில். எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

முழிப்பு வரும்போது வெயில் வந்துவிட்டது. பாய் நனைந்திருந்தது.

...இருங்க தம்பி, ஒரு நிமிஷம். ஒரு மடக்குக் குடித்துக்கொள்கிறேன்.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் தெரிந்துவிடும். அப்படியே காலை மடக்கி உட்கார்ந்திருந்தேன். பயந்துகொண்டிருந்தது வந்தேவிட்டது, இத்தனை வருஷம் கழித்து, பேரன் எடுத்த வயசில். கோமு உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள். வேறு வேட்டியை எடுத்துக் கையில் கொடுத்தாள். பாயை உருவிச் சுருட்டினாள். பின்கட்டில் தொட்டி இருக்கிறது, தண்ணி இருக்கிறது, அங்கே அலசி இருக்கலாம் இல்லையா? இவள் அந்த ஈரப்பாயைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். வாசல் கதவைத் திறந்தாள்.

"ஏட்டி, வேண்டாம்" என்றேன். 

தெருவுக்கு இறங்கிவிட்டாள். தெருக்குழாயில் தண்ணி வருகிற நேரம், பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். இவள் முளைப்பாரி எடுத்துக்கொண்டு போகிற மாதிரி, நிமிர்ந்து, நடுத்தெருவில், ஒரு அவசரமும் இல்லாமல் போகிறாள். அவள் நெற்றியில் வடிகிறது. துடைக்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எதிர்வீட்டு ஆவுடைத்தங்கம் கேட்டாள்: "என்ன மதினி, ஈரப்பாயோட? பேரன் வந்திருக்கானா?"

பார்த்தீங்களா, எவ்வளவு நல்ல வழி. ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முடிந்தது விஷயம். இவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"பேரன் இல்ல. எங்க வீட்டுக்காரரு. ஏழு வயசுல குடிக்க வேண்டிய தண்ணிய நேத்துதான் குடிச்சிருக்காரு."

சத்தமாகச் சொன்னாள். தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி. பேரன் என்று சொல்லியிருக்கலாம்தானே தம்பி? எனக்கு அவள் மேல் இருக்கிற வருத்தம் அதுதான். வேறொன்றும் இல்லை. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றுதான் உங்களை இழுத்து உட்கார வைத்தேன்.

நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சிரிப்பு வரும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு, எங்கே ஆரம்பிக்கும், யார் வாயில் ஏறும், எப்படிச் சுற்றி வரும் என்று எல்லாம் தெரியும். நின்றேன், நின்றேன். வரவில்லை. குழாய்க்கு அடியில் இருந்த தன் குடத்தை ஆவுடைத்தங்கம் நகர்த்தி வைத்த சத்தம் வந்தது. பாயில் தண்ணி விழுகிற சத்தம் வந்தது. "அந்தப் பக்கத்தை நான் பிடிக்கேன் மதினி, நீங்க பிழிங்க" என்று ஒரு குரல். அவ்வளவுதான். 

அதற்குப் பிறகு நாலைந்து நாள் வெளியே தலை காட்டவில்லை நான். பாயும் அதற்குப் பிறகு நனையவில்லை. உள்ளே வைத்த குழாயையும் டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள். இப்போது கல் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த ஸ்கேன். அடுத்த வாரம் கோயம்புத்தூர் போகிறோமாம், மகள் வீட்டில் ரெண்டு நாள் தங்கப் போகிறோமாம், என்னைக் கேட்காமலேயே டிக்கெட் எடுத்துவிட்டாள். அந்த ரப்பர் சீட்டு இந்தப் பையில்தான் இருக்கிறது, காலால் தள்ளிவிடாதீங்க.

கூப்பிடுகிறார்களா? என் பெயரா? இந்தா வருகிறேன்மா, ஒரு நிமிஷம், இன்னும் முட்டவில்லை.

அந்தக் காலையில் நடந்ததில் மிச்சத்தையும் கேட்டுவிடுங்க. பாயை அலசிக்கொண்டு வந்தாள். பின்கட்டில் காயப்போடவில்லை, தெருவைப் பார்த்த முன்சுவரில் விரித்துப் போட்டாள், ஊர் பார்க்கட்டும் என்று. முகத்தைக் கூடத் துடைக்காமல் உள்ளே போய், ஒரு டம்ளர் நிறையத் தண்ணி கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள். நான் தலையைத் தூக்கவில்லை. கை மட்டும் நீண்டது. வாங்கினதும் விரல் தன் வழக்கப்படி அடியில் போய் ஒட்டிக்கொண்டது.

"விரலை எடுங்க" என்றாள்.

எனக்கு எடுக்க வரவில்லை.

அவள் எனக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் விரலைப் பிடித்து மெள்ள நகர்த்திவிட்டு, தன் உள்ளங்கையை டம்ளருக்கு அடியில் ஏந்திக்கொண்டாள். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை. முடித்ததும் கையை விரித்து என்னிடம் காட்டினாள். ஒரு சொட்டு இல்லை.